ஜீப்புக்கு முன்னால் பிடித்த தண்ணீர்

நெடுந்தீவுக்குப் போகும் படகில், சுருட்டிய சார்ட் தாள்களை மடியில் கட்டிப்பிடித்தபடி, அரச உத்தியோகத்தர்களுக்குத் திட்டங்களைச் சின்னதாகப் பரிசோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கப் போனவள் நான். நயினாதீவுக்கும் போனேன். எங்கள் அலுவலகத்தின் தண்ணீர்த் தாங்கி வெற்றிக் கதையை நானே சொல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அந்தக் கதையில் வெற்றி எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தோற்றவர்கள் யாரென்று மட்டும் தெரியும். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

யுத்தநிறுத்தம் வந்து கொழும்புக்கான பாதை திறந்ததும் யாழ்ப்பாணம் முழுக்க உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் ஓடத் தொடங்கின. முதலில் பாலம் திருத்தினார்கள். பிறகு பள்ளிக்கூடங்களுக்குக் கூரை போட்டார்கள். கடைசியில் அரச ஊழியர்களின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தார்கள். தீவுப்பகுதியில் ஒரு பிரதேச செயலகத்தில் நான் அபிவிருத்தி உதவியாளராகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. பட்டதாரி நியமனத்தில் வந்தவர்களில் இளையவள் என்பதால், பயிற்சிப் பட்டறை என்று எது வந்தாலும் என்னைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு வேலை இருந்தது, அதாவது கதிரை இருந்தது.

பட்டறை நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த தமிழர். சிரித்த முகம், யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். எதையும் எல்லா ஊருக்கும் செய்வதற்கு முன்னர் ஓர் ஊரில் சின்னதாகச் செய்து பாருங்கள் என்றார். பக்கத்து ஊரை அப்படியே விட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள், எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், தோற்றுப்போனால் வெட்கப்படாதீர்கள் என்றார். அரச சேவையில் தோற்றுப்போனால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு கணக்காளர் எழும்பி, சுற்றறிக்கை இல்லாமல் சின்னதாகவும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு இருந்தார். அதன் பிறகு அன்று நடந்த ஒரே ஒப்பீடு யாருடைய சாப்பாட்டுப் பார்சலில் கோழிக்கால் இருந்தது என்பதுதான்.

எனக்கு மட்டும் அது பிடித்துப்போனது. அதற்குக் காரணம் இருந்தது. என் அப்பா பனை ஏறிக் கள்ளு இறக்கியவர். நாங்கள் இருந்த குறுகிய கீழ் ஒழுங்கை முழுக்க அதே தொழில்காரர்கள். ஊர் எங்களைச் சாதியில் கீழே வைத்திருந்தது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் எல்லாம் மேற்குத் தெருவில். அவற்றின் கப்பியில் நாங்கள் கை வைக்கக் கூடாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றால், யாராவது மனம் இரங்கி அள்ளி ஊற்றுவார்கள். யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்து முகாமில் கிடந்தபோது இரு பகுதியாரும் ஒரே குழாயில் வரிசையில் நின்றோம். ஊர் திரும்பியதும் அவர்களுக்கு எல்லாம் திரும்ப ஞாபகம் வந்துவிட்டது. இப்படி ஒரு ஊரில் வளர்ந்தவளுக்கு, பெரியவர் சொல்வதையும் அளந்து பார்க்கலாம் என்று ஒருவர் வந்து சொன்னால் எப்படி இருக்கும்? அன்று இரவு முழுக்க அந்தச் சந்தோசத்திலேயே இருந்தேன். மனிதர்கள் வாய் திறந்து சொல்லாததை இந்த முறை சொல்லிவிடும் என்று நம்பினேன்.

அலுவலகத்தில் நான் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். சேர்ந்த முதல் நாளே எந்த ஊர், எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிட்டவோ தூரவோ, ஆரின்ரை பிள்ளை என்று நாலு பேர் நாலு விதமாக விசாரித்து முடித்திருந்தார்கள். பிறகு ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதைப் பெருந்தன்மை என்று அவர்கள் நினைத்தார்கள்.

எங்கள் பிரதேச செயலாளருக்கும் ஒரு பரிசோதனை தேவைப்பட்டது, ஏனென்றால் செய்துகாட்டும் அலுவலகத்துக்கு மேலும் உதவி கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டது. அதற்குத் தண்ணீர் லொறியான பவுசரை எடுத்துக்கொண்டோம். எங்கள் பக்கம் கிணறுகளில் பாதிக்கு மேல் உப்புக் கரிக்கும் சவர், இப்போது மேற்குத் தெருவிலும் பல அப்படித்தான். குடிதண்ணீர் பவுசரில்தான் வரும். அது ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும். சாரதி ஹோன் அடித்துவிட்டு, படலைக்குள்ளால் குழாயை நீட்டி வீட்டுக்காரரின் பரலை நிரப்புவார். அவர் வவுனியாப் பக்கத்து ஆள். மேற்குத் தெருவும் எங்கள் ஒழுங்கையும் அவருக்கு ஒன்றுதான். அவர் வந்த பிறகுதான் அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கும் தலை குனியாமல் நல்ல தண்ணீரில் தேத்தண்ணி போட்டார்.

ஆனால் மேற்குத் தெருவில் முறைப்பாடு. பவுசர் எங்களுக்கு அதிகம் கொடுக்கிறதாம், தங்களிடம் வர மதியமாகிறதாம், வாசலில் சண்டையாம். டீசலும் கூடப் போகிறது. ஆகவே ஊருக்குப் பொதுவாக ஒரு பெரிய கறுப்புத் தாங்கி வைத்து, பவுசர் அதை நிரப்பிவிட்டுப் போகட்டும், ஆட்கள் வந்து பைப்பில் பிடிக்கட்டும் என்பது யோசனை. எங்கள் ஊருக்குத் தாங்கி, பக்கத்து ஊருக்கு வழமைபோலப் பவுசர், பிறகு ஒப்பிடுவது. அப்படி ஒப்பிடலாம் என்று எழுதிக்கொடுத்ததே நான்தான். தாங்கியை எங்கே வைப்பது என்பதை மட்டும் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அதை முடிவு செய்ய எல்லோருமாகக் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரின் வீட்டுக்குப் போனோம். அவர் ஓய்வுபெற்ற அதிபர். பட்டறை நடத்திய பயிற்றுநரும் வந்திருந்தார். எல்லோருக்கும் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி வந்தது. எனக்கு மட்டும் ஒரு சோடாப் போத்தல் வந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் வாய் பட்ட கோப்பையை அவர்கள் பிறகு பாவிக்க முடியாது; போத்தலைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். "வெயிலுக்கை வந்த பிள்ளை, குளிரக் குடியும்," என்றார் தலைவரின் மனைவி. திரும்பி வரும்போது பயிற்றுநர் என்னிடம், உங்களுக்கு அந்த வீட்டில் தனி மரியாதை போலிருக்கிறதே என்று மனதாரச் சந்தோசப்பட்டார்.

தாங்கியைச் சந்தியில், பிள்ளையார் கோயிலின் பின்மதிலோடு, தலைவரின் காணித் துண்டில் வைப்பதென்று முடிவானது. எங்கள் ஆட்கள் அந்த இடத்தைக் கடந்து போவார்களே தவிர நிற்க மாட்டார்கள். அதைச் செயலாளரிடம் தனியாகச் சொன்னேன். கீழ் ஒழுங்கையில் உள்ளவர்கள் அங்கே வரத் தயங்குவார்கள் சேர் என்றுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப அதெல்லாம் ஆர் தங்கச்சி பாக்கினம்? சண்டையோடை எல்லாம் போயிட்டுது."

சண்டையில் வீடு போனது, பனை போனது, ஆட்கள் போனார்கள். அது மட்டும் போகவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? அவரும் இந்தத் தீவில் பிறந்தவர்தான். எத்தனை வீடுகளில் இருந்து வருகிறார்கள் என்பதையும் ஒழுங்கை வாரியாக அளப்போம் என்று கேட்டுப் பார்த்தேன். அரசாங்கப் படிவத்தில் சாதி என்று ஒரு கலம் இல்லை, அப்படிப் பிரித்துப் பார்ப்பதே பிழை என்றார். ஆகவே சண்டைகளையும், பவுசர் எடுக்கும் நேரத்தையும், டீசலையும் அளந்தோம்.

தாங்கி வைத்த முதல் நாள் அம்மா குடத்தோடு போனார். ஒருவரும் துரத்தவில்லை, ஏசவில்லை. பைப்புக்குக் கிட்டப் போனதும், அம்மாவைவிட வயதில் மிகவும் குறைந்த ஒரு மேற்குத் தெருப் பெண், "நீ குடத்தை உதிலை வை, நான் பிடிச்சு ஊத்திறன்," என்றாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள் என்று அம்மா பிறகு அவளுக்காகப் பரிந்தே பேசினார். குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். வந்தவர்கள் எல்லாம் பிடித்து முடித்த பிறகு அரைக் குடம் கிடைத்தது. அடுத்த முறை நின்றபோது தண்ணீர் தீர்ந்துவிட்டது. அதோடு அம்மா போகவில்லை, எங்கள் ஒழுங்கையில் வேறொருவரும் போகவில்லை. பழையபடி சவர்க் கிணற்றுத் தண்ணீரில் சோறு காய்ச்சினோம். பால் தேத்தண்ணி போட்டால் திரைந்துபோகும், அதனால் வெறும் தேத்தண்ணி குடித்தோம்.

பரிசோதனையோ அமோக வெற்றி. சண்டை ஒன்றுகூட இல்லை. பவுசர் காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டது. டீசல் மிச்சம். பக்கத்து ஊரில் பழையபடி வாசல் சண்டை. மீளாய்வுக் கூட்டத்தில் செயலாளர் இதையெல்லாம் வாசித்தபோது பயிற்றுநர் குறுக்கே குறுக்கே அருமை, அருமை என்றார். இனி எல்லா ஊர்களிலும் தாங்கி வைப்பது, வீட்டுக்கு வீடு பவுசர் போவதை நிறுத்துவது என்று தீர்மானம் எழுதப்படுகிற நேரம். அது எழுதப்பட்டுவிட்டால் எங்கள் ஒழுங்கைக்கு நல்ல தண்ணீர் கிடையாது. நான் எழும்பினேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"சேர், சண்டை இல்லாததுக்குக் காரணம், எங்கட ஒழுங்கையிலையிருந்து ஒருத்தரும் அங்கை வாறேல்லை. நாங்கள் சவர்த் தண்ணி குடிக்கிறம்."

எங்கட என்ற சொல்லை அந்த அலுவலகத்தில் நான் அன்றைக்குத்தான் முதலில் சொன்னேன். ஒருவர் தன் பேனையின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது தடுத்தார்களா என்று செயலாளர் கேட்டார். இல்லை என்றேன். ஏசினார்களா? இல்லை. அப்படியென்றால் வராமல் விட்டது அவர்களுடைய விருப்பம்தானே என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடத்தைக் கீழே வைக்கச் சொன்னதை, கடைசிவரை நின்றதை, அது என் அம்மா என்பதை. சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர் பிறகு குறைப்பட்டார்.

பயிற்றுநர்தான் உற்சாகமாக எழும்பினார். இது நல்ல கருதுகோள் என்றார். இதை விவாதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, இதையும் பரிசோதித்துப் பார்த்துவிடலாம். அடுத்த முறை பவுசர் வரும்போது நாங்கள் எல்லோரும் போவோம். கீழ் ஒழுங்கையிலிருந்து ஒருவர் வந்து தண்ணீர் பிடிக்கட்டும். தடை இருக்கிறதா இல்லையா என்று கண்ணாலே பார்ப்போம். தடை இருந்தால் பவுசர் தொடர்ந்து வீடுகளுக்குப் போகும், இல்லாவிட்டால் தாங்கி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உம்மட அம்மாவையே கூட்டிக்கொண்டு வாருமன்," என்றார் செயலாளர்.

ஜீப் நின்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஜீப்பைத் தூரத்தில் விட்டுவிட்டு, ஆட்களுக்குத் தெரியாமல் பார்ப்போம் என்று கெஞ்சினேன். அரச அதிகாரிகள் மதிலுக்குப் பின்னால் ஒளித்திருந்து பார்ப்பதா என்று செயலாளர் முகம் சுளித்தார். சங்கத் தலைவருக்கு முன்கூட்டியே அறிவிக்காமல் போவது மரியாதை இல்லை என்றும் சொன்னார். ஒன்றை அளக்கப் போகும்போது எங்களுடைய நிழலே அதன்மேல் விழக் கூடாது என்று பட்டறையில் படித்தது எனக்கு நினைவிருந்தது. படிப்பித்தவருக்கு அன்று அது நினைவில் வரவில்லை.

அம்மா முதலில் மறுத்தார். வேடிக்கை காட்டப் போக நான் என்ன சர்க்கஸ்காரியா என்று கேட்டார். இது சரிவந்தால் பவுசர் திரும்ப ஒழுங்கைக்கு வரும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் முற்றத்தைக் கூட்டி முடித்தார். பிறகு, உன்ரை வேலைக்கு ஒரு பிரச்சினையும் வராதெண்டால் வாறன் என்றார். பவுசர் வந்த அன்று காலை கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையை எடுத்துக் கட்டினார். குடத்தைச் சாம்பல் போட்டு மினுங்க மினுங்க விளக்கியிருந்தார். அதைக் கண்டபோதே எனக்கு ஏன் இதற்குச் சம்மதித்தேன் என்று இருந்தது.

சந்தியில் ஜீப் நின்றது. பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். தலைவர் வேட்டி சால்வையோடு வந்திருந்தார். மேற்குத் தெருப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு ஊத்திறன் என்று சொன்னவளும் நின்றாள். அம்மாவைக் கண்டதும் அவள் விலகி வழிவிட்டாள்.

"வாங்கோ அம்மா, நீங்கள் முதல்ல பிடியுங்கோ."

அம்மாவை ஒரு மேற்குத் தெருக்காரி நீங்கள் என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா பைப்பைத் தானே திறந்தார். தண்ணீர் குடத்துக்கு வெளியிலும் கொஞ்சம் தெறித்தது. யாரோ படம் எடுத்தார்கள். பயிற்றுநர் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். அம்மா ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். எனக்கும் ஒரு நிமிடம் அது உண்மை போலவே இருந்தது, அதை நினைக்கத்தான் இன்னும் எரிகிறது.

பின்னேரம் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது சந்தி முழுக்க ஈரமாகக் கிடந்தது. பைப்பைத் திறந்துவிட்டிருந்தார்கள். தாங்கியின் மூடியைக் கழற்றி ஒருவன் உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தான். கீழே வழிந்து வந்த தண்ணீரில் தீட்டுக்குத் தெளிக்கிற மஞ்சள் கரைந்திருந்தது. முகம் கழுவிய தண்ணீரைக் கத்தரிக் கன்றுக்கு ஊற்றுகிற ஊர் அது. அங்கே ஒரு தாங்கித் தண்ணீரை வீதியில் ஓடவிட்டிருந்தார்கள். பாசி பிடித்துவிட்டது என்று அவனாகவே எனக்குச் சொன்னான்.

அடுத்த நாள் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். மஞ்சள் தண்ணீர் என்றும் சொன்னேன். மஞ்சள் கிருமிநாசினிதானே என்றார். அறிக்கையில், பொதுக் குழாயைப் பாவிப்பதில் எந்தத் தடையும் இல்லை என நேரில் அவதானிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே, தாங்கியைச் சுத்தமாகப் பேணும் பொறுப்பைச் சமூகம் தானாகவே எடுத்துக்கொண்டுள்ளது என்று இன்னொரு வரி. அதை வாசித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது எங்கள் ஊருக்கு வீடு வீடாகப் பவுசர் போவதை நிரந்தரமாக நிறுத்தும் கட்டளை ஒப்பமாகியிருந்தது.

வீட்டுக்குச் சொல்லவென்று வேளைக்கே வந்தேன். சாரதி மூலம் செய்தி எனக்கு முன்னரே வந்துவிட்டது. எங்கள் படலையடியில் பக்கத்து வீட்டு அக்கா நின்றார். என்னைச் சின்னனில் தூக்கி வளர்த்தவர். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நீங்கள் பட்டுச் சீலை கட்டிக்கொண்டு போய்ப் பிடிச்சுக் காட்டினபடியாலைதான் எங்களுக்குப் பவுசர் நிண்டது. இனி என்ரை பிள்ளையளுக்கு நான் எங்கை போய் அள்ளுறது?"

அது பட்டு இல்லை, மலிவான நைலெக்ஸ். அம்மா அதைக்கூடத் திருத்தவில்லை. அக்கா போகும்வரை நின்றுவிட்டுக் குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். மூலையில் அந்தக் குடம் தட்டால் மூடியபடி இருந்தது. நிறைந்தே இருந்தது, ஒரு பேணிகூடக் குறையவில்லை. அடுப்பில் சவர்த் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஏன் இதைக் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"அது எனக்குத் தந்ததில்லைப் பிள்ளை. ஜீப்புக்குக் குடுத்தது."

வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததில் எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. தட்டைத் தூக்கிவிட்டு ஒரு பேணி அள்ளிக் குடித்தேன். பிறகு இன்னொன்றும் குடித்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். துளி உப்பில்லாத நல்ல தண்ணீர் அது.